பழைய கோப்புகள் தாமாகச் செல்வதில்லை

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செல்வம் அதன் இருப்பில் உள்ள நூலும் நெல்லும் ரொக்கமும் மட்டுமன்று. அங்கத்தினர் பதிவேடு, பங்குத் தொகைக் கணக்கு, கூலிப் பட்டியல், கடன் பத்திரங்கள், அடங்கல் நகல்கள், பொதுக்குழுவின் தீர்மானப் புத்தகம் ஆகியவையும் அதன் செல்வமேயாகும். தந்தை செலுத்திய பங்குத் தொகையை மகன் கோரும்போதும், அடைத்து முடித்த கடனுக்கு மீண்டும் நோட்டீஸ் வரும்போதும், எளிய அங்கத்தினருக்குச் சாட்சியாக நிற்பது ஏதோ ஒரு பழைய தாள்தான். அத்தாள் இல்லையேல் அவருடைய உரிமையும் இல்லை என்றே ஆகிவிடும்.

இத்தாள்கள் முன்னர் சங்கத்தின் மரப் பீரோவில் இருந்தன. இப்போது பல சங்கங்கள் அவற்றை ஸ்கேன் செய்து, மேகச் சேமிப்பகம் எனப்படும் 'கிளவுட்'டில் வைத்திருக்கின்றன. நெசவாளர் சங்கங்கள் சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் உரிய டிசைன்களையும் அவ்வாறே சேமிக்கின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி வழிக்குக் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆகவே கணினி என்பது இனி நகரச் சங்கங்களுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. ஆனால் ஒரு சங்கம் தன் சொந்தக் கணக்கில் ஏற்றி வைத்துள்ள ஸ்கேன் கோப்புகளையும் படங்களையும் காப்பது அந்தச் சங்கத்தின் பொறுப்பே என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வாறு ஏற்றி வைத்த பின்னர், "ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து; வேறோர் ஊரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்" என்று நிர்வாகக் குழு தீர்மானிக்கிறது. கணினியை அறிந்த ஒருவர் தானாகப் பிரதி எடுக்கும் விதியொன்றை அமைத்துக் கொடுக்கிறார். மறுநாள் ஏற்றிய கோப்பு இரண்டு இடத்திலும் காணப்படுகிறது. எல்லோரும் நிம்மதி அடைகின்றனர். அந்த நிம்மதி பாதி அளவுக்கே நியாயமானது. விதி அமைத்த நாளுக்கு முன்பே இருந்த கோப்புகள், பெரும்பாலும், இன்னும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இதைப் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேகம் எங்கே இருக்கிறது?

மேகம் என்ற பெயரைக் கேட்டு அது வானத்தில் உள்ளது என்று எண்ண வேண்டுவதில்லை. பூமியில், சுவரும் கூரையும் மின்சார இணைப்பும் உடைய கட்டடங்களில், ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அக்கணினிகளில் வாடகைக்குக் கிடைக்கும் இடமே மேகச் சேமிப்பகம். அமேசான் நிறுவனம் 'எஸ் 3' என்னும் சேமிப்பகச் சேவையை 2006 மார்ச் மாதத்தில் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 இல் புனே, சென்னை, மும்பை ஆகிய ஊர்களில் தன் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016 இல் மும்பையிலும் 2022 இல் ஹைதராபாத்திலும், கூகிள் 2017 இல் மும்பையிலும் 2021 இல் டெல்லியிலும் மையங்களை ஏற்படுத்தின. எனவே ஒரு பிரதியை மும்பையிலும் மற்றொன்றை ஹைதராபாத்திலும் வைப்பது இன்று நம் நாட்டுக்குள்ளேயே இயலும்.

கட்டடம் என்றால் அதற்குக் கட்டடத்துக்குரிய விபத்துகளும் உண்டு. பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் என்ற நிறுவனத்தின் மையத்தில் 2021 மார்ச் 10 ஆம் தேதி தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுவதும் அழிந்தது. உயிர்ச் சேதம் ஏதும் இல்லை. ஆயினும் மூலத்தையும் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். 2025 செப்டம்பர் 26 ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தகவல் மையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளை வைத்திருந்த 'ஜி டிரைவ்' என்ற சேமிப்பகம் அதில் எரிந்து, 858 டெராபைட் அளவான கோப்புகள் அழிந்தன. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அச்சேமிப்பகத்துக்கு வெளியூரில் பிரதி எடுக்கப்படாமல் இருந்தது. பெரிய அரசாங்கத்துக்கே நேர்ந்த இந்நிலை, சிறிய சங்கத்துக்கு நேராது என்று எவ்வாறு கூற முடியும்?

விதி புதியவற்றையே கொண்டு செல்லும்

வாய்க்காலில் புதிய மடை ஒன்றை அமைத்தால், இனி வரும் நீரே அதன் வழியாகப் பாயும். முன்னரே கீழ்வயலில் தேங்கி நிற்கும் நீர் மேலேறி வந்து அம்மடை வழியே செல்லாது. தானியங்கிப் பிரதி விதியும் அத்தன்மையதே.

அமேசானின் எஸ் 3 சேமிப்பகத்தில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் தானாகப் பிரதி எடுக்கும் வசதி 2015 இல் வந்தது. மூலக் கொள்கலம், பிரதிக் கொள்கலம் ஆகிய இரண்டிலும் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் ஏற்பாடு இயங்கினால்தான் அவ்விதி வேலை செய்யும். விதி அமைந்த பின்னர் வரும் கோப்புகளை மட்டுமே அது தானாக எடுத்துச் செல்லும். முன்னரே இருப்பவற்றைக் கொண்டு செல்ல 'பேட்ச் ரெப்ளிகேஷன்' என்ற தனி வேலையை நாம் ஏவ வேண்டும். இவ்வசதியை அந்நிறுவனம் 2022 பிப்ரவரியில்தான் அளித்தது. மைக்ரோசாப்டின் அஸூர் சேமிப்பகத்திலும், விதியை அமைக்கும்போது 'புதியவை மட்டும்' என்பதே முதலில் குறிக்கப்பட்டிருக்கும். 'அனைத்தும்' என்று நாமே மாற்றிக் குறித்தாலொழியப் பழையவை செல்லா. கூகிள் மேகத்தில் இருப்பவற்றை மொத்தமாகக் கொண்டு செல்ல 'ஸ்டோரேஜ் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' என்ற சேவை தனியே இருக்கிறது.

இதில் ஏமாற்று வேலை ஏதும் இல்லை. பல லட்சம் கோப்புகளை நகலெடுப்பது செலவுள்ள காரியம். அதை வாடிக்கையாளர் கேளாமல் செய்துவிட்டுப் பில் அனுப்புவது முறையன்று. ஆகவேதான் அவர் வாயால் கேட்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டும் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும், அவ்வளவே.

முதல் வேலை பட்டியல்

சங்கத்தின் கிடங்கை ஒரு காரியதரிசியிடமிருந்து மற்றொருவர் ஏற்கும்போது, முதலில் இருப்புப் பட்டியல் எடுக்கிறோம். கோப்புகளை மொத்தமாகப் பெயர்ப்பதற்கும் அதுவே முறை. மூல இடத்தில் எத்தனை கோப்புகள், மொத்தம் எவ்வளவு அளவு, ஒவ்வொன்றின் பெயர் யாது என்பவற்றை முன்னதாக எழுதிக்கொள்ள வேண்டும். எஸ் 3 சேமிப்பகத்தில் 'இன்வென்டரி' என்ற ஏற்பாட்டைக் குறித்து வைத்தால், அன்றாடமோ வாரந்தோறுமோ இப்பட்டியல் தானாக வரும். முதற்பட்டியல் வருவதற்கு 48 மணி நேரம் வரை ஆகலாம். அப்பட்டியலையே மொத்த நகல் வேலைக்கு ஆணையாகக் கொடுக்க முடியும். வேலையை உடனே தொடங்காமல், நம் சம்மதத்துக்காக நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. எத்தனை கோப்புகள் என்ற எண்ணை அப்போது பார்த்து, நம் கணக்குக்கு ஒத்திருந்தால் மட்டும் சம்மதம் தரலாம்.

பட்டியல் எடுக்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும. குறைந்த வாடகைக்காகச் சில பழைய கோப்புகளை ஆழ்ந்த காப்பகத்தில் போட்டிருக்கலாம். அமேசானின் 'கிளேசியர் டீப் ஆர்க்கைவ்' என்ற வகுப்பில் உள்ளவற்றை உடனே எடுக்க முடியாது. முத்திரையிட்ட சேமிப்புக் கிடங்கைத் திறக்க உத்தரவு பெறுவதுபோல, முதலில் மீட்டெடுக்குமாறு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண முறையில் 12 மணி நேரத்துக்குள்ளும், மலிவான மொத்த முறையில் 48 மணி நேரத்துக்குள்ளும் அவை கைக்கு வரும். அதற்கு முன்னர் நகலெடுக்க முயன்றால் அவ்வேலை தோல்வியுறும்.

எவ்வழியே செல்கிறது?

கோப்புகள் செல்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே நிறுவனத்தின் இரு கொள்கலங்களுக்கிடையே என்றால், நாம் கட்டளை மட்டும் கொடுத்தால் போதும். கோப்புகள் அந்நிறுவனத்தின் உள்வழியிலேயே சென்று சேரும். நம் அலுவலகத்துக் கணினியும் இணைப்பும் அதில் சுமை தாங்குவதில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்துக்கு என்றால், பெரும்பாலும் இடையில் ஒரு கணினி நின்று, ஒரு பக்கம் வாங்கி மறு பக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கணினி சங்க அலுவலகத்தில் இருப்பின் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் ஒரு டெராபைட் கோப்புகள் செல்வதற்கு 8,00,000 விநாடிகள், அதாவது இரவு பகல் ஓயாமல் ஓடினாலும் 9 நாட்களுக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் இணைப்பில் இதுவே சுமார் 22 மணி நேரம். நம் ஊர்களில் மின்சாரம் எத்தனை முறை நிற்கும் என்பதை நாம் அறிவோம். ஆகவே பெரிய அளவாக இருந்தால், மேகத்திலேயே ஒரு கணினியைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து அதன் வழியே பெயர்ப்பது உத்தமம்.

அளவு மட்டுமன்றி எண்ணிக்கையும் நேரத்தை விழுங்கும். ஒரு தாளின் ஸ்கேன் 200 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் தாள்கள் 20 ஜிகாபைட்தான். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தனி வேண்டுகோள் போக வேண்டும். வேண்டுகோள் ஒன்றுக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதற்கு 10,000 விநாடிகள், ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் பிடிக்கும். நான்கு நான்காக அனுப்பினால் 42 நிமிடத்தில் முடியும். ஒரு தறியில் நெய்வதற்கும் நான்கு தறியில் நெய்வதற்கும் உள்ள வேறுபாடே இது. 'ஆர்குளோன்' என்ற இலவசக் கருவி, நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஒரே நேரத்தில் நான்கு கோப்புகளைக் கொண்டு செல்லும். பல நிறுவனங்களின் சேமிப்பகங்களோடும் பேச வல்லது என்பதால் சிறிய சங்கங்களுக்கு இது மிகவும் உபயோகமானது.

செலவைப் பற்றி

கோப்புகளை உள்ளே ஏற்றுவதற்குப் பெரிய நிறுவனங்கள் போக்குவரத்துக் கட்டணம் வாங்குவதில்லை. வெளியே எடுப்பதற்கும், ஓர் ஊர் மையத்திலிருந்து மற்றோர் ஊர் மையத்துக்கு அனுப்புவதற்கும் ஜிகாபைட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். வேண்டுகோள்களுக்கும் எண்ணிக்கைப்படி கட்டணம் உண்டு. அப்பால், இரண்டாம் பிரதிக்கு மாத வாடகை தொடர்ந்து ஓடும். ஒரு நிறுவனத்தை விட்டு முற்றிலும் விலகிச் செல்வோர்க்கு மட்டும் வெளியேற்றக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதாக 2024 ஜனவரியில் கூகிளும், அவ்வாண்டு மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாப்டும் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், 2027 ஜனவரி 12 முதல் இத்தகைய இடமாற்றக் கட்டணமே கூடாது என்று விதிக்கிறது. நம் சங்கங்கள் கடையை மாற்ற எண்ணினால், நகலெடுக்கும் முன்னரே நிறுவனத்துக்கு எழுதிச் சலுகை உண்டா என்று கேட்பது நன்று.

நகலெடுப்பதும் ஒப்பாக்குவதும் வேறு வேறு

இனிச் சொல்வது மிகவும் கவனிக்கத்தக்கது. ஆர்குளோன் முதலிய கருவிகளில் 'காப்பி', 'சிங்க்' என்ற இரு கட்டளைகள் உண்டு. காப்பி என்பது இங்கு இருப்பதை அங்குச் சேர்ப்பது. அங்கு முன்னரே இருப்பவற்றில் எதையும் அகற்றாது. சிங்க் என்பது அங்குள்ளதை இங்குள்ளதற்கு முற்றிலும் ஒப்பாக ஆக்குவது. இங்கு இல்லாத கோப்பு அங்கு இருந்தால் அதை அழித்துவிடும். மூல இடத்தில் எவரேனும் தவறாக ஓர் ஆண்டின் கூலிப் பட்டியலை அழித்திருக்க, அதன் பின் சிங்க் ஓடினால், இரண்டாம் பிரதியும் அத்தோடு மறையும். மொத்த நகலுக்கு வேண்டுவது காப்பியே. எக்கட்டளையாயினும் 'டிரை ரன்' என்ற ஒத்திகையை முதலில் ஓட்டினால், எவை செல்லும், எவை அழியும் என்பதைக் கருவி சொல்லும். கோப்பு எதையும் தொடாது. பாவு பூட்டிய பின் முதலில் ஒரு சாண் நெய்து பார்ப்பதுபோல, ஒத்திகைக்குப் பின் ஒரே ஓர் ஆண்டின் கோப்புறையை மட்டும் நகலெடுத்துப் பார்த்தல் சாலவும் நலம்.

ஒப்பு நோக்குதல்

'வேலை முடிந்தது' என்று திரையில் வந்துவிட்டால் போதாது. முதலில் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். பிறகு அளவை ஒப்பிட வேண்டும். அதன்பின் 'செக்சம்' எனப்படும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் எண் அது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஆர்குளோனில் 'செக்' என்ற கட்டளை இதைச் செய்கிறது. எஸ் 3 இல் ஒவ்வொரு கோப்புக்கும் காணப்படும் 'ஈடேக்' என்ற குறியை மட்டும் நம்பிவிடலாகாது. பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றியிருந்தால், அக்குறி முழுக் கோப்பின் சரிபார்ப்பு எண்ணாக இராது; நல்ல நகலும் மாறுபட்டதுபோல் தோன்றும். பேட்ச் வேலை முடிந்ததும் வரும் அறிக்கையில் தோல்வியுற்றவற்றின் வரிசை இருக்கும். ஒரு லட்சத்தில் பத்துக் கோப்புகளே தோல்வி என்றாலும், அப்பத்தில் ஒன்று ஓர் அங்கத்தினரின் பத்திரமாக இருக்கலாம் அன்றோ?

தேதியையும் நோக்க வேண்டும். சாதாரண நகல் கட்டளையில், நகலெடுத்த நாளே கோப்பின் தேதியாகப் பதியும். 2012 இல் ஏற்றிய தாள் நேற்று ஏற்றியதுபோல் தோன்றும். பேட்ச் ரெப்ளிகேஷன் வழியே சென்றால் மூலத்தின் தேதி காக்கப்படும். தணிக்கைக்கு உரிய கோப்புகளில் இவ்வேறுபாடு சிறியதன்று. எவ்வாறாயினும், ஆண்டையும் மாதத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கும் வழக்கம் இருந்தால் இத்தொல்லை குறையும்.

பார்க்கும் உரிமைகளையும் தனியே ஆராய வேண்டும். மூலத்தில் யார் யார் பார்க்கலாம் என்று அமைத்த கட்டுப்பாடு பிரதியோடு சேர்ந்து செல்லும் என்று கொள்ளலாகாது. அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அடங்கிய தாள்கள் இரண்டு இடத்தில் இருந்தால், காவலும் இரண்டு இடத்தில் வேண்டும். தனிநபர் தரவைக் காக்கும் சட்டம் 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதை நிர்வாகிகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

கணக்கு எவர் பெயரில்?

சிறிய சங்கங்கள் பல, பெரிய சேமிப்பகங்களை நாடாமல் கூகிள் டிரைவையே உபயோகிக்கின்றன. அங்கு ஒரு தனிப்பட்ட அபாயம் உண்டு. கணக்கு முன்னாள் காரியதரிசியின் சொந்தப் பெயரில் திறக்கப்பட்டிருக்கும். மற்றவர்களுக்குப் பங்கிட்டு மட்டும் காட்டப்பட்டிருக்கும். மற்றவர் கண்ணில் தெரிவதால் கோப்பு அவர்களுடையது ஆகிவிடாது. இரண்டு ஆண்டுகள் உபயோகிக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகிள் 2023 மே மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. பதவி விட்டுச் சென்றவர் அக்கணக்கைத் திறக்காமலே இருந்துவிட்டால், சங்கத்தின் கோப்புகளும் அதனுடன் போய்விடக்கூடும். ஆகவே சங்கத்தின் பெயரிலேயே கணக்கு வைத்து, பழைய கணக்கில் உள்ள அனைத்தையும் அதற்கு நகலெடுப்பதே முதற்கடமை. கூகிளின் சொந்தத் தாளாகவும் அட்டவணையாகவும் எழுதப்பட்டவை வேறு இடத்துக்குப் பெயர்க்கப்படும்போது வேர்டு, எக்ஸெல் முதலிய வடிவங்களுக்கு மாறும் என்பதையும், அவற்றின் பழைய திருத்த வரலாறு உடன் வராது என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

நிர்வாகக் குழு செய்ய வேண்டுவது

இவ்வளவையும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கையால் செய்ய வேண்டுவதில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்திருந்தால் போதும். அடுத்த பொதுக்குழுவில் எவரும் எழுந்து கேட்கலாம்: நம் பதிவேடுகளின் இரண்டாம் பிரதி எந்த ஊரில் இருக்கிறது? பிரதி விதி அமைத்த தேதி எது? அத்தேதிக்கு முற்பட்ட கோப்புகள் தனியே நகலெடுக்கப்பட்டனவா? மூலத்தில் எத்தனை, பிரதியில் எத்தனை? தோல்வியுற்றவை எவை, அவை மீண்டும் அனுப்பப்பட்டனவா? கணக்கு எவர் பெயரில் உள்ளது?

இவ்வினாக்களுக்கு உரிய விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றித் தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட வேண்டும். ஒப்பு நோக்கி முடியும்வரை மூல இடத்தில் உள்ள எதையும் அழிக்கலாகாது என்பதையும் அத்தீர்மானத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, தணிக்கைக்கு முந்திய வாரத்தில், பிரதியிலிருந்து ஏதேனும் பத்துக் கோப்புகளைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் இரண்டேனும் சங்கத்தின் மிகப் பழைய ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். புதியவை எப்படியும் அங்கு இருக்கும்; விட்டுப்போயிருக்கக் கூடியவை பழையவையே.